மலையில் தூங்கிய ஏர்கோன்

தானா ராத்தாவில் வேனுக்குள் ஏர்கோன் போடுபவர்கள் குறைவு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். சன்னலை இறக்கினாலே போதும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அப்பா, இரண்டாம் கையாக வாங்கிய எங்கள் பழைய வேனிலும் மாதக் கணக்கில் அந்தச் சுவிட்சை யாரும் தொட்டதில்லை.

சிக்கல் கீழே இறங்கும்போதுதான். அம்மாவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈப்போவில் இருதய மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். சென்ற ஆண்டு ஒருநாள், சிம்பாங் பூலாயில் உச்சி வெயிலில் நெரிசல். ஏர்கோனிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டித் தலை சாய்ந்துவிட்டது. "ஒண்ணுமில்லப்பா, நீ ஓட்டு" என்றார். அந்தக் குரலே என்னைப் பயமுறுத்தியது.

அன்றே ஒரு பட்டறையில் 80 ரிங்கிட் கொடுத்து கேஸ் ஏற்றினேன். மூன்று மாதத்தில் மறுபடியும் வெறும் காற்று. மறுபடியும் 80 ரிங்கிட். அடுத்த முறை வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் கேஸ் தோம்பைத் தொடவே இல்லை.

"தம்பி, கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீராது. குறைஞ்சிருந்தா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம ஏத்துனா உங்க காசுதான் போகும்."

ஏர்கோன் என்பது மூடிய வட்டம். கம்ப்ரஸர் வாயுவை அழுத்துகிறது. கண்டென்சரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. கூலிங் காயிலில் ஆவியாகி, வேனுக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அதே வாயுதான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது.

அவர் குழாய்களில் நைட்ரஜனை ஏற்றி, சவர்க்கார நீரைத் தடவினார். கம்ப்ரஸர் தண்டின் சீல் அருகே குமிழ்கள் கிளம்பின. "ஏர்கோன் போடுறதே இல்லையா?" என்று கேட்டார். வாயுவோடு சுற்றிவரும் எண்ணெய்தான் அந்தச் சீலை ஈரமாக வைத்திருக்குமாம். ஓடாமலே கிடந்தால் சீல் காய்ந்து, கசிய ஆரம்பிக்கும். மலைக்குளிரில் சும்மா விட்டதே எங்கள் ஏர்கோனுக்கு வினையாகிவிட்டது.

இன்னொரு கோளாறும் இருந்தது. 1990களின் தொடக்கம் வரை வந்த வாகனங்களில் ஆர்-12 வாயுதான் இருக்கும். அது ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உலகமே அதைக் கைவிட்டது. மலேசியா 1989இல் அந்த ஒப்பந்தத்தில் இணைந்தது. எங்கள் வேனையும் முன்பே யாரோ ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் பழைய எண்ணெயை மாற்றவில்லை. புது வாயுவோடு அந்த எண்ணெய் கலக்காது. கலக்காவிட்டால் கம்ப்ரஸருக்கு எண்ணெய் திரும்பி வராது.

சீல், டிரையர், எண்ணெய் எல்லாம் புதிதாயின. பிறகு அரைமணி நேரம் வேக்கம் பம்பு ஓடியது. உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெளியேற வேண்டுமே! பம்பை நிறுத்திய பிறகும் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தார். கடைசியாகத்தான் தராசில் எடை பார்த்து வாயுவை ஏற்றினார். மொத்தம் 380 ரிங்கிட். முன்பு கொடுத்த 160 காற்றோடு போனதுதான். போன வாயுவும் சும்மா போகவில்லை. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

உங்களிடமும் பழைய வண்டி இருந்தால், கேஸ் ஏற்றும் முன் "ஒழுக்கு எங்கே?" என்று கேளுங்கள். மலையில் இருப்பவர்கள் வாரம் பத்து நிமிடமாவது ஏர்கோனை ஓட விடுங்கள். மூடுபனியில் கண்ணாடியில் படியும் ஆவியும் அதனால் விலகும்.

போன மாதம் ஈப்போ போனபோது, சிம்பாங் பூலாயில் அதே நெரிசல். அம்மா சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் குறைச்சு வைப்பா, குளிருது" என்றார்.