மாட்டுக்குப் போடும் ஊசியும் பாறுக் கழுகும்



நம் குழுக்களில் கடன் வாங்குகிற நிறையப் பேர் கறவை மாடு வாங்கத்தான் வாங்குகிறீர்கள். மாட்டுக்குக் காய்ச்சலோ மடிவீக்கமோ வந்தால் உடனே ஊசி போடச் சொல்கிறோம். அதில் என்ன மருந்து இருக்கு என்று யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்க வேண்டும் என்பதை இந்த மாதம் சொல்கிறோம்.

பிணந்தின்னிக் கழுகை வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். பாறு என்பது அதன் பழைய பேர். ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டால் கூட்டமாக இறங்கி, கொஞ்ச நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுட்டுப் போகும். கோழிக்குஞ்சைத் தூக்குவது பருந்து. பாவம், அந்தப் பழியும் இதன் மேல்தான் விழுகிறது!

ராஜஸ்தானில் பரத்பூர் பறவைப் பூங்காவில் பாறுகள் குறைவதை 1990களில் விபு பிரகாஷ் என்ற ஆராய்ச்சியாளர் கவனித்தார். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1000 இருந்த இடத்தில் 1 என்ற அளவுக்கு வந்துவிட்டது. புது நோயா, பூச்சிமருந்தா என்று தேடினார்கள். 2004ல் பாகிஸ்தானில் ஆராய்ச்சி செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுதான் காரணத்தைக் கண்டுபிடித்தது. செத்த பறவைகளின் குடலிலும் ஈரலிலும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. எல்லாம் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தால் வந்தது. ஊசி போட்டும் பிழைக்காமல் செத்த மாட்டைத் தின்ற பாறு சில நாளில் செத்துவிடும்.

ஒரு மாட்டுக்குப் போட்டதாலா இவ்வளவும்? என்று கேட்பீர்கள். ஒரே மாட்டை ஐம்பது, நூறு பறவை சேர்ந்து தின்னும். 100 மாட்டுப் பிணத்தில் ஒன்றுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாறு வருசத்துக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்து வருசம் போல ஆகும்.

பாறு போன இடத்தில் பிணத்தைத் தின்ன தெருநாய்கள் பெருகின. தண்ணீரும் கெட்டது. 2000 முதல் 2005 வரை இதனால் இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று 2024ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் தயாரிப்பதை அரசு 2006ல் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய பாட்டில் மருந்தையே வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015ல் மனிதர்களுக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி பாட்டிலில்தான் விற்க வேண்டும் என்று ஆணை வந்தது. 2023ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் தடையாயின. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். பேர் மட்டும்தான் வேறு! 2024 கடைசியில் நிமிசுலைடும் தடையானது.

அப்போ மாட்டுக்கு வலி வந்தால் என்ன செய்வது? மெலாக்சிகாம், டோல்ஃபினமிக் அமிலம் இரண்டும் பாறுக்குக் கெடுதல் செய்யாதவை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்டரிடம், "இது மெலாக்சிகாம்தானுங்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்க. மருந்துக்கடையில் நீங்களாக வலி ஊசி வாங்கிப் போடாதீங்க. தடை செய்த மருந்து போட்ட மாடு செத்துவிட்டால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் பாறுகள் இப்போது முக்கியமாக நீலகிரி, ஈரோடு மாவட்டக் காடுகளில்தான் இருக்கின்றன. மோயாற்றங்கரை நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. காட்டோரக் குழுக்களுக்கு இன்னொன்றும் சொல்கிறோம். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால் ஆத்திரத்தில் அதில் விஷம் வைக்கிற பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. கஷ்டம் புரிகிறது, கடன் மாடு வேறு. ஆனால் விஷத்தில் பாறும் சேர்ந்து சாகும், வைத்தவர் மேல் வழக்கும் வரும். மாட்டை நகர்த்தாமல் அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கி, இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் குழு ஊக்குநரைக் கேளுங்கள்.