பட்டாவில் ஒன்று பலவாகும்போது

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தார் தங்கள் பழைய பத்திரங்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் பரப்பிப் பார்ப்பார்களாயின், அதே வயல் ஒரு காலத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்ததாகவும், 1995-க்குப் பின் பெரம்பலூரைச் சேர்ந்ததாகவும், 2001-இல் அரியலூருக்கும், மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூருக்கும், 2007 நவம்பர் முதல் மறுபடியும் அரியலூருக்கும் உரியதாகவும் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்பார்கள். படிக்கிறவன் மனிதனாயிருந்தால் இதில் சங்கடம் ஒன்றுமில்லை. ‘மாவட்டம்’ என்ற கட்டத்தில் ஒரு பெயருக்கு மட்டுமே இடம் வைத்து எழுதப்பட்ட கணினி நிரலுக்கோ இது பெரும் சங்கடம். ஒன்று இருந்த இடத்தில் பலவற்றை வைக்க வேண்டி வரும்போது, நிரலாளர்கள் ‘அரே’ என்று வழங்கும் வரிசைப் பட்டியலாக அதை மாற்ற வேண்டியதாகிறது. குடியானவனுடைய பாத்தியதைக்கு அபாயம் விளையக்கூடிய சந்தி அதுதான்.

இந்த மாற்றத்தை ஒவ்வொரு நிரல்மொழியும் தன் போக்கில் செய்கிறது. ‘கங்கைகொண்டசோழபுரம்’ என்பதில் நாம் எண்ணினால் 11 எழுத்துகள். பைத்தான் மொழியிடம் இதைப் பட்டியலாக்கச் சொன்னால், புள்ளியையும் கொம்பையும் காலையும் உயிர்மெய்யிலிருந்து பிய்த்தெடுத்து 18 துண்டுகளை நீட்டும். ஒரே பெயரை உடைய பட்டியல் வேண்டுமென்று கருதியவனுக்குத் துணுக்குகள் கிடைக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் 3, 5 என்று இரண்டு எண்களைக் கொடுத்து அரே அமைத்தால் அவ்விரண்டும் உள்ளே இருக்கும். 3 என்று ஒன்றை மட்டும் கொடுத்தால், அந்த எண் மறைந்து மூன்று வெற்றிடங்கள் வந்து நிற்கும். வேறொரு வழியாக 123 என்ற எண்ணைப் பட்டியலாக்கச் சொன்னால், வாய் திறவாமல் வெறும் பட்டியலைத் தந்துவிடும். பைத்தானோ ‘இது ஆகாது’ என்று பிழை காட்டி நின்றுவிடும். பிழை காட்டி நிற்கும் மொழியைச் சிரமம் தருவதென்று இளம் நிரலாளர்கள் குறைகூறக் கேட்டிருக்கிறேன். பட்டாதாரருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவே யோக்கியமான மொழி.

இனி, சிட்டாவையே எடுத்துக்கொள்வோம். அதில் பரப்பு ‘1 - 05.00’ என்று காணப்படும். ஒரு ஹெக்டேர் ஐந்து ஏர் என்பது பொருள். நடுவிலுள்ள கோட்டில் வெட்டி இரண்டு மதிப்புள்ள பட்டியலாக்கி, ஒவ்வொன்றையும் எண்ணாகக் கருதும் நிரலில் 05 என்பது 5 ஆகிவிடும். பிறகு யாரோ ஒருவர் இடையில் புள்ளியிட்டு ஒட்டினால் நிலம் 1.5 ஹெக்டேர் ஆகும். உண்மை 1.05. வித்தியாசம் 45 ஏர், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் பதினொரு சென்ட். காகிதத்தில் முளைத்த இந்த ஏக்கரை நம்பி ஒருவர் கிரயம் பேசினால் வழக்கு அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. 12/3 என்ற புல எண்ணை எக்செல் தாளில் அப்படியே தட்டினால், நம் நாட்டுத் தேதி அமைப்பில் அது மார்ச் 12 ஆகிவிடும் என்பதும், 1,25,000 என்ற தொகையைக் காற்புள்ளிதோறும் பிரித்தால் 1, 25, 000 என்று மூன்றாகச் சிதறும் என்பதும் இதே வம்சத்தைச் சேர்ந்த விபரீதங்கள். எக்செல் தேதியாக மாற்றிவிடும் தொல்லை பொறுக்காமல், மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களையே 2020-இல் விஞ்ஞானிகள் மாற்றியமைத்தார்கள். புல எண்ணை மாற்றிக்கொள்ளும் சௌகரியம் நமக்கு இல்லை.

தனிப்பட்டா கூட்டுப் பட்டாவாகும்போது பட்டியலின் முக்கியத்துவம் இன்னும் தெளிவாகும். தகப்பனார் காலமானபின் வாரிசுகள் நால்வர் என்றால் நால்வர் பெயரும் ஏற வேண்டும். முதல் பெயரை மட்டும் எடுத்து அச்சிடும் நிரலில் மற்ற மூவரும் உள்ளே இருந்தும் வெளியே தெரியமாட்டார்கள். 1990-களில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக நிலம் கையகப்படுத்தப்பட்ட கிராமங்களில், இழப்பீட்டுக்காக நெடுங்காலம் நீதிமன்றப் படியேறிய குடும்பங்களுக்கு, பட்டியலில் ஒரு பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள பேதத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மகள்களின் பெயர் விடுபட்டிருந்தால் மட்டும் கணினிமேல் பழி போடுவது நியாயமாகாது. அது பெரும்பாலும் மனு எழுதிய கையின் வேலை. இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டமாக்கப்பட்டுவிட்டது.

பரிகாரம் உண்டு. சிட்டாவை அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்; பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை ஆகியவற்றைப் பத்திரத்தோடு ஒப்பிட்டு, பிழை கண்டால் வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் மனுக்கொடுத்து ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ‘கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது’ என்பது வாய்வார்த்தையாகச் சொல்லப்படும் பதில். மனுவுக்கு எழுத்து மூலமான உத்தரவே தேவை. 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின்படி வட்டாட்சியர் உத்தரவின்மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன்மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் செய்யலாம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புகுந்த, ஜனங்கள் ‘யூடிஆர் பிழை’ என்று சொல்லும் தவறுகளுக்கும் மாவட்ட வருவாய் அலுவலரையே அணுக வேண்டும். பிழை கணினியேறியபோது புகுந்ததா, அதற்கு முன்பே கைப்பதிவேட்டில் இருந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணம் செலுத்திப் பழைய பதிவேட்டின் நகலைக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். அலுவலகம் அசையவில்லையென்றால் 1100 என்ற முதலமைச்சரின் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

2023-இல் இயற்றப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வரும் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தவறான தரவைத் திருத்தக் கோரும் உரிமையைப் பிரஜைக்கு அளிக்கிறது; வங்கியிலோ தனியார் நிறுவனத்திலோ பெயர் துண்டானவர்களுக்கு இது பிற்பாடு பெரிதும் பிரயோஜனப்படும். நிலத்தைப் பொறுத்தவரை பட்டா மட்டுமே உரிமை மூலமாகாது. மூலப் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் உள்ள முரண்பாடு வருவாய்த் துறையில் தீராதபோது, உரிமை விளம்புகை கேட்டுச் சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அப்போது, திருச்சிராப்பள்ளி என்றும் பெரம்பலூர் என்றும் அரியலூர் என்றும் எழுதப்பட்ட பத்திரங்கள் அனைத்தையும் தேதி வரிசையில் சேர்த்தே வக்கீலிடம் கொடுக்க வேண்டும்.