அடிக்கு முன் தீர வேண்டிய வழக்கு

"தள்ளிப் போட்டாய்."

"இல்லை, சுண்டினனான்."

கண்டாவளையிலோ பரந்தனிலோ முரசுமோட்டையிலோ ஏதாவதொரு வாசிகசாலையில் கரம் விளையாட்டு நடுவில் நின்றுபோனால், அநேகமாக இப்படித்தான் நின்றிருக்கும். காய் பொக்கற்றுக்குள் போய்விட்டது. அடித்தவன் தள்ளினானா, சுண்டினானா என்பதற்கு இனி எந்தச் சாட்சியும் இல்லை. சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் காயைப் பார்த்தார்கள், கையை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லோரும் தீர்ப்புச் சொல்வார்கள்.

பூல் மேசையிலும் இதே வழக்குத்தான். நம் பக்கத்துப் பெடியங்களில் பலருக்குப் பூல் அறிமுகமானது கைப்பேசியில். இலண்டனுக்கோ பாரிசுக்கோ ரொறன்ரோவுக்கோ போனவர்கள் அதை உண்மையான மேசையில், தடி பிடித்து ஆடுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு மேசையின் அளவில் இல்லை. கைப்பேசியில் எந்தப் பந்து முதலில் பட்டது என்று இயந்திரமே சொல்லிவிடும், வாதாட இடமில்லை. உண்மையான மேசையில் அதை ஒரு மனிதர் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆட்டங்களில் நடுவர் என்று ஒருவர் இருப்பதே இல்லை.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு பொக்கற் உள்ள மேசை, ஒரு வெள்ளைப் பந்து, இலக்கமிட்ட பதினைந்து பந்துகள். பரவலாக ஆடப்படும் எட்டுப்பந்து ஆட்டத்தில் ஒருவருக்கு 1 முதல் 7 வரையான முழுநிறப் பந்துகள், மற்றவருக்கு 9 முதல் 15 வரையான கோடிட்ட பந்துகள். தன் ஏழையும் போட்ட பிறகு கறுப்பு எட்டைப் போடுபவருக்கு வெற்றி. தடியால் வெள்ளைப் பந்தைத்தான் அடிக்க வேண்டும். அது முதலில் தொடும் பந்து உங்களுடையதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பவுல்.

கரத்தில் ஒரு பவுலுக்குத் தண்டம் ஒரு காய். பூலில் தண்டம் அதைவிடக் கடுமை. வெள்ளைப் பந்தை எதிராளி கையில் எடுத்து, மேசையில் தான் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். ஆடத் தெரிந்த ஒருவருக்கு அப்படியொரு வாய்ப்புக் கிடைத்தால் ஆட்டம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் "பவுல்" என்ற ஒரு சொல்லுக்காக இவ்வளவு சண்டை நடக்கிறது.

நடுவர் இல்லாத ஆட்டத்தில் யார் சொல்வது தீர்ப்பு? உலக பூல் பில்லியட்ஸ் சங்கத்தின் ஒழுங்குவிதி இதற்குத் தரும் பதிலைப் பலர் அறியார்: அடிக்காமல் இருக்கும் ஆட்டக்காரரே நடுவரின் வேலையைச் செய்ய வேண்டும். உங்கள் எதிராளிதான் உங்கள் நீதிபதி. அடுத்த முறை நீங்கள் அவருக்கு நீதிபதி. முதலில் கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். யோசித்துப் பார்த்தால், இரண்டு பேரையும் கண்ணியமானவர்கள் என்று நம்பி எழுதிய விதி இது. அந்த நம்பிக்கையோடு ஒரு கடமையும் வருகிறது. உங்கள் முறை இல்லாத நேரத்தில் கதிரையில் சாய்ந்து கைப்பேசி பார்க்க முடியாது. நீங்கள் கடமையில் இருக்கிறீர்கள்.

அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு. பவுல் என்று சொல்வதானால், அடுத்த அடி தொடங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். அடுத்த அடி விழுந்துவிட்டால் அந்தப் பவுல் நடக்கவே இல்லை என்றே கொள்ளப்படும். தோற்றபிறகு, "மூன்றாவது அடியிலேயே நீ பிழை விட்டாய்" என்று இழுப்பதற்கு விதியில் இடமில்லை.

ஆனால் நான் வலியுறுத்த விரும்புவது இதற்கும் முந்திய கட்டத்தை. எந்த அடி சண்டையைக் கொண்டுவரும் என்பது அடிக்க முன்பே தெரியும். வெள்ளைப் பந்து இன்னொரு பந்தோடு ஒட்டினாற்போல் நிற்கிறது, அல்லது உங்கள் பந்தும் எதிராளியின் பந்தும் பக்கம் பக்கமாக நிற்க நீங்கள் அவற்றின் இடையை நோக்கி அடிக்கப் போகிறீர்கள். இப்படியான அடிகளை ஒரு மாதம் விளையாடியவரும் அடையாளம் கண்டுகொள்வார். அந்த நேரத்தில் தடியை இறக்கி வைத்து, "அண்ணை, இதை ஒருக்கால் வந்து பாருங்கோ" என்று மூன்றாவது ஆள் ஒருவரைக் கூப்பிட வேண்டும். அடிப்பவரும் கூப்பிடலாம், எதிராளியும் கூப்பிடலாம். கூப்பிட்டபின் அவர் சொல்வதுதான் முடிவு. எதிராளி கூப்பிடாமல் பேசாது இருந்துவிட்டு அடி முடிந்ததும் கையைத் தூக்கினால், பல லீக் போட்டிகளில் அடித்தவரின் சொல்லே ஏற்கப்படும். அது நியாயம் என்றே நினைக்கிறேன். பார்க்கக் கிடைத்த நேரத்தில் பார்க்காதவருக்குப் பிறகு சந்தேகப்படும் உரிமை குறைவு.

கூப்பிட்டு வந்தவர் எதைப் பார்க்க வேண்டும்? இதில்தான் நம்மவர்களுக்கு வழிகாட்டல் குறைவு.

வெள்ளைப் பந்துக்கும் இலக்குப் பந்துக்கும் இடையில் சில மில்லிமீற்றர் இடைவெளிதான் இருக்கிறது என்று வைப்போம். நேரே முன்னோக்கி அடித்தால், வெள்ளை போய் மோதி நிற்கும் கணத்திலும் தடியின் முனை முன்னேறிக்கொண்டே இருக்கும். அது வெள்ளையை இரண்டாம் முறை தொட்டுவிடும். அது பவுல். தொட்டது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு வேகம். ஆனால் பந்துகள் அதைக் காட்டிக்கொடுக்கும். எல்லாப் பந்தும் ஏறக்குறைய ஒரே எடை. ஒன்று மற்றதில் நேராக மோதினால் தன் வேகத்தை அப்படியே கொடுத்துவிட்டுத் தான் நின்றுவிட வேண்டும். மேற்சுழற்சி இருந்தால் ஒரு சிறு தயக்கத்துக்குப் பிறகு மெல்ல உருளலாம். அப்படியில்லாமல் வெள்ளையும் இலக்குப் பந்தோடு கூடவே, ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடினால் தடி இரண்டாம் முறை தொட்டிருக்கிறது. ஆகவே பார்ப்பவர் தடியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மோதியபின் வெள்ளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு பந்தும் உண்மையிலேயே தொட்டுக்கொண்டிருந்தால் கதை மாறுகிறது. அப்போது பூல் விதியில் சாதாரண அடியால் நேரே முன்னோக்கி அடிக்கலாம், குற்றமில்லை. மயிரிழை இடைவெளி இருந்தால் பவுல், இடைவெளியே இல்லாவிட்டால் சரி! இதை அடித்த பிறகு எப்படி நிரூபிப்பது? முடியாது. குனிந்து வெளிச்சம் தெரிகிறதா என்று இருவருமாகப் பார்த்து, "தொட்டுக்கொண்டுதான் நிற்குது" என்று ஒத்துக்கொண்டபிறகே தடியை எடுக்க வேண்டும். ஸ்னூக்கரில் இதற்கு நேரெதிர் விதி. அங்கே தொட்டுக்கொண்டிருக்கும் பந்தை அசைக்காமல், வெள்ளையை அதிலிருந்து விலக்கித்தான் அடிக்க வேண்டும். தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அடிக்கு முன்பே அறிவிப்பது நடுவரின் கடமை. ஸ்னூக்கர் பிறந்தது 1875இல் ஜபல்பூரில், பிரித்தானியப் படை அதிகாரிகளிடையே. அதை உருவாக்கிய நெவில் சேம்பர்லின் பின்னர் உதகமண்டலத்துக்கு வந்தார். 1880களின் தொடக்கத்தில் அங்குள்ள கிளப்பில்தான் அதன் விதிகள் ஒழுங்காக எழுதி வைக்கப்பட்டன. வாயால் சொல்லிவந்த விதியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் தொங்கவிடும் தேவை அன்றைய அதிகாரிகளுக்கும் வந்திருக்கிறது.

அடுத்தது, எந்தப் பந்து முதலில் பட்டது என்ற வழக்கு. உங்கள் பந்தும் எதிராளியின் பந்தும் ஒட்டி, சமமாக நிற்கின்றன. வெள்ளை அவற்றின் நடுவுக்குப் போகிறது. இதற்கும் பந்துகளே சாட்சி. முதலில் அடிபட்ட பந்து மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். வெள்ளையோ இரண்டாவதாகப் பட்ட பந்தின் பக்கமாக விலகும். இடப்பக்கப் பந்து விரைந்து ஓடி, வெள்ளை வலப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கமே முதலில் பட்டது. பார்ப்பவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றால் இது சரியாகத் தெரியாது. அடியின் நேர்கோட்டில், அடிப்பவருக்கு எதிர்த்திசையில், அவரது கண்ணை மறைக்காமல் சற்று விலகி நிற்க வேண்டும். அப்படியும் பிரித்தறிய முடியாவிட்டால் விதி அடித்தவர் பக்கம் சாய்கிறது. சரியான பந்தே முதலில் பட்டதாகக் கொள்ள வேண்டும். நல்ல விதி. சந்தேகத்தை வைத்து ஒருவரையும் தண்டிக்கக் கூடாது.

இவ்வளவு சொன்னாலும், மேசையைச் சுற்றி நிற்கும் எவருக்கும் தெரியாத ஒன்று அடித்தவரின் கைக்குத் தெரியும். தடி இரண்டாம் முறை தொட்டது விரல்களில் உணரப்படும், சட்டைக் கை ஒரு பந்தை உரசியதும் அப்படித்தான். எதிராளி கவனிக்கவில்லை, மூன்றாவது ஆளும் இல்லை. அந்த நேரத்தில் "பவுல், நான் தொட்டிட்டன்" என்று தானாகவே சொல்லிவிடுவது ஸ்னூக்கர் ஆட்டக்காரர்களிடம் சாதாரண வழக்கம். அதைச் செய்யாதவரைப் பற்றித்தான் அங்கே பேச்சு எழும்.

கிரிக்கெட்டில் இதன் பெரிய உதாரணத்தை நம் நாடே எதிரணியில் நின்று கண்டது. 2003 உலகக் கிண்ண அரையிறுதி, தென்னாபிரிக்காவின் போர்ட் எலிசபெத். அரவிந்த டி சில்வாவின் பந்தை அவுஸ்திரேலியாவின் அடம் கில்கிறிஸ்ட் அடிக்க முயல, குமார் சங்கக்காரவின் கைக்குப் பிடி போனது. நடுவர் ஆட்டமிழப்பு இல்லை என்றார். கில்கிறிஸ்ட் தானாகவே நடந்து வெளியேறினார். துடுப்பில் பட்டது அவருக்குத் தெரியும். அன்று அவருக்குச் சாதகமாக நடுவரின் தீர்ப்பே இருந்தது. பூல் மேசையில் அப்படி மறைந்துகொள்ளவும் ஒரு தீர்ப்பு இல்லை. பேசாமல் இருந்தால் அந்த மௌனம் முழுக்க உங்களுடையது.

விதி தன் பக்கம் இருப்பதால் மட்டும் ஒருவர் செய்வது சரியாகிவிடாது என்பதையும் கிரிக்கெட்டே காட்டியது. 2006 டிசம்பரில் கிறைஸ்ட்சேர்ச் டெஸ்டில் சங்கக்கார சதம் அடிக்க, முத்தையா முரளிதரன் ஓட்டத்தை முடித்துவிட்டு அவரை வாழ்த்த கிரீஸை விட்டு நடந்தார். நியூசிலாந்தின் பிரண்டன் மக்கலம் விக்கெட்டைத் தட்டினார். பந்து இன்னும் ஆட்டத்தில்தான் இருந்தது, ஆகவே விதிப்படி முரளி ஆட்டமிழந்தார். பத்து ஆண்டு கழித்து, 2016இல் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆற்றிய உரையில் மக்கலம் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

பூலில் இப்படியான சோதனை வருவது பந்தையும் பொக்கற்றையும் சொல்லி அடிக்கும் ஆட்டங்களில். எட்டுப்பந்தில் வெளிப்படையான அடியைச் சொல்லத் தேவையில்லை. பந்து பொக்கற்றின் வாயிலேயே நிற்கும்போது "சொல்லவில்லையே" என்று மறிப்பது முறையில்லை. சுவரில் பட்டுத் திரும்பும் அடி, பந்தில் பட்டுப் பந்து போகும் அடி போன்றவற்றுக்குச் சொல்லத்தான் வேண்டும். சந்தேகமானால் எதிராளி அடிக்கு முன் "எது, எங்கே?" என்று கேட்கலாம். கேட்காமல் காத்திருந்து, அடி விழுந்தபின் பிடிப்பதற்குப் பெயர் கவனம் அல்ல.

நம் கரம் போட்டுக்கு வருவோம். சர்வதேச கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில் தொடங்கியது. இலங்கையும் அதில் முன்னணி நாடு. அதன் விதிப்படி ஸ்ரைக்கரை அடிக்க வேண்டும், தள்ளக் கூடாது. ஸ்ரைக்கர் இரு அடிக்கோட்டையும் தொட்டு நிற்க வேண்டும். வாசிகசாலைகளில் ஓயாத வழக்கு ஒன்று சிவப்புப் பற்றியது. ஒரே அடியில் சிவப்பும் சொந்தக் காயும் விழுந்தால் எது முதலில் விழுந்தது என்று அடிபடுவார்கள். சரியான அடியில் இரண்டும் சேர்ந்து விழுந்தால் சிவப்பு மூடப்பட்டதாகவே கணக்கு, எது முதலில் என்ற கேள்வியே இல்லை. இதைத் தெரிந்து வைத்தாலே எத்தனையோ பின்னேரங்கள் மிஞ்சும்.

சித்திரைப் புத்தாண்டுக்கோ அறுவடை முடிந்தோ கண்டாவளையில் ஒரு கழகம் கரம் சுற்றுப்போட்டி வைப்பதானால், ஒவ்வொரு போட்டுக்கும் ஆடாத கழகமொன்றிலிருந்து ஓர் ஆளை இருத்துங்கள். அவருக்குக் காயைப் பார்க்கும் வேலை வேண்டாம், அதை ஊரே பார்க்கும். அவர் விரலையும் கோட்டையும் பார்த்தால் போதும். தள்ளுவதாகச் சந்தேகம் வந்தால் முதல் முறையே ஆட்டத்தை நிறுத்தி, "தம்பி, சுண்டி அடி" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லட்டும். இரண்டாம் முறை பவுல். அளாப்புகிறவன் என்ற பெயர் ஒருவனுக்கு விழுந்துவிட்டால் ஊரில் அது போக வருடக்கணக்காகும். பிழையாக விழுந்தாலும் அப்படித்தான். அதனால் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அடித்தவனிடமே முதலில் கேட்கட்டும்: "நீ சொல்லு, தள்ளினியா?" பதினைந்து வயதுப் பெடியன் ஒருவன் அந்தக் கேள்விக்கு "ஓம்" என்று சொன்னால், அவனுக்கு ஒரு காய் தண்டம் போட்டுவிட்டு, அடுத்த போட்டியில் அவனையே நடுவர் கதிரையில் இருத்துங்கள்.