583 உயிரைப் பறித்த குழப்பம்!
இரண்டு சொல்லில் வந்த வினை

ஆங்கிலத்தில் "டேக்" என்றால் எடு. "ஆப்" என்றால் விட்டு, அப்பால். இரண்டும் சேர்ந்தால் "டேக் ஆப்."

செருப்பைக் கழற்றுவது "டேக் ஆப்." சட்டையைக் கழற்றுவதும் "டேக் ஆப்." விமானம் தரையை விட்டு மேலே கிளம்புவதும் அதே "டேக் ஆப்"தான்!

இந்தச் சொல்லில் ஏற்பட்ட குழப்பம், ஒரு பெரிய விபத்துக்குக் காரணங்களில் ஒன்றாகிவிட்டது.

மூடுபனி

1977-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த டெனரீப் தீவு.

பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. அதனால் அங்கு போக வேண்டிய விமானங்கள் டெனரீப்பில் இறங்கின. அவற்றில் இரண்டு, "போயிங் 747" ராட்சத விமானங்கள். ஒன்று டச்சு விமானம். மற்றொன்று அமெரிக்க விமானம்.

மாலையில் மூடுபனி கவிந்தது. ஓடுபாதையின் ஒரு முனையில் டச்சு விமானம் நின்றது. அதே பாதையில் அமெரிக்க விமானம் மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரியவில்லை. கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இரண்டுமே தெரியவில்லை.

"சரி!"

வானில் போக வேண்டிய வழியைத்தான் அதிகாரி டச்சு விமானிக்குச் சொன்னார். கிளம்ப அனுமதி கொடுக்கவில்லை. ஆனால் விமானி விமானத்தைக் கிளப்பிவிட்டார்!

"நாங்கள் இப்போது அட் டேக் ஆப்" என்று துணை விமானி ரேடியோவில் சொன்னார்.

கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று அதிகாரி நினைத்தார். "சரி, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்றார். அதே நேரத்தில் அமெரிக்க விமானியும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்றார். இரண்டு குரலும் மோதி, "கீச்" என்ற சத்தம் எழுந்தது. டச்சு விமானிகளின் காதில் தெளிவாக விழுந்தது "சரி" என்பது மட்டுமே!

விமானங்கள் மோதின. டச்சு விமானத்தில் இருந்த 248 பேரும் மாண்டனர். அமெரிக்க விமானத்தில் 335 பேர் இறந்தனர். 61 பேர் பிழைத்தனர்.

புதிய கட்டுப்பாடு

அதன் பிறகு உலகெங்கும் கட்டுப்பாடு வந்தது. கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும், அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே "டேக் ஆப்" என்று சொல்ல வேண்டும். மற்ற நேரங்களில் "டிபார்ச்சர்", அதாவது புறப்பாடு. வெறும் "சரி" என்பதும் போதாது. முக்கியமான உத்தரவை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும்.

செருப்பைக் கழற்றச் சொன்னது புரியாவிட்டால், இன்னொரு முறை கேட்டுக்கொள்ளலாம். ஓடுபாதையில் அதற்கு நேரம் இல்லை!