போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவு: எந்த சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வராது? கப்பல் படுக்கைக்கும் இதே கணக்குதான்!

போடிநாயக்கனூரில் பஸ் ஏறும்போது எல்லோரும் சிரித்த முகமாகத்தான் இருப்பார்கள். முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் பேச்சு குறையும். ஒருவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைப்பார். இன்னொருவர் கண்டக்டரிடம் கேரி பேக் கேட்பார். போடிமெட்டு போய்ச் சேர்வதற்குள் பின் சீட்டில் ஒரு குழந்தையாவது வாந்தி எடுத்திருக்கும்.

ஆனால் அதே பஸ்ஸில் டிரைவருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? முன் சீட்டில் இருப்பவர் ஜாலியாக வேடிக்கை பார்க்க, கடைசி சீட்டில் இருப்பவர் மட்டும் ஏன் தலையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்? இரவு ரயிலில் ஒரு பெர்த்தில் தூக்கம் வருது, இன்னொன்றில் புரண்டு புரண்டு படுக்க வேண்டியிருக்கு, அது எதனால்? சொகுசு கப்பல் கேபினில் கட்டில் எந்தத் திசையில் கிடக்கிறது என்று சிலர் கேட்டுப் பார்த்து புக் செய்வது எதற்காக?

எல்லாக் கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. நம் காதுக்குள்!

காதுக்குள் என்ன நடக்குது?

நம் உள்காதில் 3 அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குள் இருக்கும் திரவம் அசைந்து மூளைக்குத் தகவல் சொல்லும். அதன் அருகிலேயே இரண்டு சிறு உறுப்புகள் உண்டு. உடம்பு முன்னே தள்ளப்படுகிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா, மேலும் கீழும் போகிறதா என்பதை அவை சொல்லும்.

கண் ஒரு தகவல் சொல்லும், காது ஒரு தகவல் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. பஸ் வளைவில் திரும்பும்போது நீங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், "நாம அசையவே இல்லை" என்கிறது கண். "இல்ல, திரும்பிக்கிட்டே இருக்கோம்" என்கிறது காது. இந்தக் குழப்பத்தில் தலைசுற்றல், வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, கடைசியில் வாந்தி. இதை விளக்கும் 'புலன் முரண்பாடு' கோட்பாட்டை ரீசன், பிராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1975ல் விரிவாக முன்வைத்தனர். இன்றும் பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம் இதுதான்.

மலை ஏறும்போது காது அடைத்துக்கொள்வது வேறு விஷயம். அது காற்றழுத்தம் குறைவதால் வருவது. எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும்.

எந்த அசைவு அதிகம் படுத்தும்?

வேகமான குலுக்கல் அல்ல, மெதுவான ஆட்டம்தான் வில்லன். நொடிக்கு 0.2 முறை, அதாவது ஏறக்குறைய 5 நொடிக்கு ஒருமுறை வந்து போகும் ஆட்டத்தில்தான் மனிதர்களுக்குக் குமட்டல் அதிகம் என்பது 1970களில் நடந்த சோதனைகளிலேயே தெரிய வந்தது. கல்லு ரோட்டில் டூவீலர் குலுக்கினால் இடுப்பு வலிக்கும், வாந்தி வராது. ஆனால் கடல் அலையில் கப்பல் மெதுவாக ஏறி இறங்கினால் வரும். கொண்டை ஊசி வளைவில் பஸ் நிதானமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தாலும் வரும். அந்த வகையில் போடிமெட்டு ரோடு ஒரு சின்னக் கடல்!

17 வளைவு... எவ்வளவு விசை?

கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 25 கி.மீ. தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும்.

15 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அதில் 20 கி.மீ. வேகத்தில் வண்டி திரும்பினால், 60 கிலோ எடையுள்ள ஒருவரைச் சுமார் 12.5 கிலோ எடைக்குச் சமமான விசை வெளிப்பக்கம் தள்ளும். அதே வளைவை 30 கி.மீ. வேகத்தில் எடுத்தால்? அந்த விசை சுமார் 28 கிலோ ஆகிவிடும். வேகம் கூடியது ஒன்றரை மடங்கு, தள்ளும் விசை கூடியது இரண்டேகால் மடங்கு.

பயணிகள் என்னதான் சீட் மாற்றி உட்கார்ந்தாலும், டிரைவரின் கால் ஆக்சிலேட்டரில் எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் மருந்து.

அப்போ எந்த சீட் பெஸ்ட்?

பிரிட்டனில் பஸ் பயணிகள் 3,256 பேரிடம் நடத்தி 1999ல் வெளியான ஒரு ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. முன்னால் உள்ள சாலை நன்றாகத் தெரிந்தவர்களை விட, சாலையே தெரியாத இடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு உடம்பு படுத்துவது சுமார் 3 மடங்கு அதிகமாக இருந்தது. பஸ்ஸின் பின்பகுதிக்குப் போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடியது. டிரைவர் வளைவை எடுக்கும் விதமும் இதில் முக்கியக் காரணம் என்று அதே ஆய்வு சொன்னது.

இதை போடிமெட்டு பஸ்ஸுக்குப் பொருத்தினால்:

* முன்பகுதி சீட்: சாலை தெரியும், ஆட்டமும் குறைவு. முதல் சாய்ஸ் இதுதான்.

* நடுப்பகுதி: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் இருப்பதால் தூக்கிப்போடுவது குறையும். சாலை தெரியும் பக்கமாக உட்கார வேண்டும்.

* கடைசி சீட்: பின் சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. பள்ளத்தில் தூக்கிப்போடும், வளைவில் வீசும். முடிந்தவரை தவிர்க்கலாம்.

ஜன்னல் சீட் கிடைத்தால் காற்று வரும், நல்லதுதான். ஆனால் பக்கத்திலேயே ஓடும் பாறையைப் பார்க்கக் கூடாது. தூரத்து மலையையோ, முன்னால் வரும் வளைவையோ பார்க்க வேண்டும்.

டிரைவருக்கு ஏன் வருவதில்லை என்பதற்கும் பதில் இதுதான். அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது அவருக்கு முன்பே தெரியும். வளைவின் உள்பக்கமாக அவர் தலையும் தானாகவே சாயும். பயணிகளின் தலையோ வெளிப்பக்கம் சாயும். பயணிகளும் டிரைவர் மாதிரி வளைவின் உள்பக்கம் தலையைச் சாய்த்தால் குமட்டல் குறைகிறது என்று ஜப்பானில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. அடுத்த முறை முயற்சி செய்து பாருங்கள்!

ஜீப்பில் போறவங்க நிலைமை?

சுற்றுலா போகிறவருக்கு வருஷத்தில் ஒருநாள் கஷ்டம். ஆனால் தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஜீப்பில் போய் வரும் தொழிலாளர்களுக்கு? அதில் பெரும்பாலானோர் பெண்கள். விடிவதற்கு முன்பே கிளம்பி, நாள் முழுக்கக் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்க வேண்டும்.

ஜீப்பின் பின்பகுதியில் சீட் பக்கவாட்டில் இருக்கும். எதிரெதிரே முகம் பார்த்து உட்காருவார்கள். வண்டி முன்னே போகும், இவர்கள் பார்ப்பதோ எதிரில் இருப்பவரை. சாலை கண்ணுக்கே தெரியாது. வளைவில் ஒரு பக்கத்தில் இருப்பவர் முதுகோடு அழுத்தப்படுவார், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் முன்னால் சரிவார். பிரேக் போட்டால் பக்கத்தில் இருப்பவர் மேல் விழ வேண்டும். கண்ணும் காதும் ஒத்துப்போகவே முடியாத சீட் என்றால் அது இதுதான். அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் தலையைத் தாங்க இடம்கூட இருக்காது.

தினமும் போய் வருபவர்களுக்கு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும் என்பது உண்மைதான். மூளை அந்த அசைவைக் கற்றுக்கொள்ளும். ஆனால் புதிதாக வேலைக்கு வருபவர், கர்ப்பிணி, ஒற்றைத் தலைவலி உள்ளவர் ஆகியோருக்கு அந்தப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் வராது. பொதுவாகவே ஆண்களை விடப் பெண்களுக்கு இந்தத் தொந்தரவு அதிகம். அவர்களை முன் சீட்டில் உட்கார வைப்பதும், வளைவில் வேகத்தைக் குறைப்பதும் காசு செலவில்லாத உதவி.

சரி, படுத்துக்கொண்டு போனால்?

படுத்தால் குமட்டல் குறையும். தலைக்குத் தாங்கல் கிடைப்பதும், கண்ணை மூடிக்கொள்ள முடிவதும் முக்கியக் காரணங்கள். ஆனால் படுக்கை எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அசைவு உடம்பில் வேறு மாதிரி இறங்கும்.

போடிக்கு 2023 ஜூன் 15 முதல் அகல ரயில் பாதையில் மீண்டும் ரயில் வருகிறது. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வருபவர்கள் கவனித்திருப்பார்கள். கேபினுக்குள் இருக்கும் பெர்த்துகள் ரயிலுக்குக் குறுக்காக இருக்கும். சைடு லோயர், சைடு அப்பர் மட்டும் ரயில் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கும்.

ரயில் பக்கவாட்டில் ஆடினால், குறுக்கு பெர்த்தில் இருப்பவருக்கு அது தலையிலிருந்து காலுக்குப் போகும் அசைவு. சைடு பெர்த்தில் இருப்பவரை அதே ஆட்டம் இடமும் வலமுமாக உருட்டும். பிரேக் போட்டால் இது அப்படியே தலைகீழ். இரண்டில் எது வசதி என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் பெட்டியின் இரு முனைகளிலும் சக்கரங்களுக்கு மேலே இருக்கும் பெர்த்தை விட நடுப்பகுதி பெர்த்தில் அதிர்வு குறைவு என்பது பொது விதி. ஸ்லீப்பர் பஸ்ஸிலும் அப்படித்தான். மேல் பெர்த் அதிகம் ஆடும், பின் பெர்த் அதிகம் தூக்கிப்போடும்.

கப்பல் கேபினில் கட்டில் கணக்கு

2022 ஜூன் 4ஆம் தேதி சென்னை துறைமுகத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சொகுசு கப்பல் பயணத்தைத் தொடங்கி வைத்த பிறகு, நம்ம ஊர்க்காரர்களுக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது.

கப்பலுக்கு முக்கியமாக இரண்டு சாய்வு. ஒன்று, இடமும் வலமுமாக உருள்வது. இன்னொன்று, முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி ஏறி இறங்குவது.

* கட்டில் கப்பலின் நீளவாக்கில் இருந்தால்: கப்பல் உருளும்போது தொட்டிலில் போட்ட மாதிரி உடம்பு பக்கவாட்டில் ஆடும்.

* கட்டில் குறுக்காக இருந்தால்: அதே உருளலில் ஒருமுறை தலை மேலே, ஒருமுறை கால் மேலே. சீசா பலகையில் படுத்த மாதிரி.

கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது இது மாறிவிடும். நீளவாக்கில் படுத்தவருக்கு சீசா, குறுக்கே படுத்தவருக்குத் தொட்டில்.

நவீன சொகுசு கப்பல்களில் உருளலைக் குறைக்க, நீருக்கடியில் இறக்கை போன்ற கருவிகள் உண்டு. ஆனால் ஏறி இறங்குவதை அவை பெரிதாகத் தடுக்காது. அதனால் கட்டிலின் திசையை விட கேபின் இருக்கும் இடம்தான் முக்கியம். சீசாவின் நடுவில் உட்கார்ந்தவர் அசைவது குறைவுதானே? அதே போல கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள கேபினில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேல்தளத்திலும் அதிகம். பால்கனியோடு கூடிய விலை உயர்ந்த கேபின் என்றால் தூக்கம் உறுதி என்று அர்த்தம் இல்லை!

கிளம்பும் முன் கவனிக்க

* வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் தவிர்க்கலாம்.

* வளைவில் செல்போன், புத்தகம் வேண்டவே வேண்டாம்.

* இஞ்சி சிலருக்கு உதவலாம். எலுமிச்சை, ஏலக்காய் வாசனை டீசல் வாடையை மறக்கடிக்கும். ஆனால் அவை மருந்து ஆகாது.

* வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் பெரிய பலன் இருக்காது.

* இந்த மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரும். வண்டி ஓட்டுபவர் போடக் கூடாது. சில மாத்திரைகள் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. வாந்தி வருகிறது என்று ஓடும் வண்டியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டவே கூடாது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் லாரிக்கும் உங்கள் ஜன்னலுக்கும் இடையில் கையகல இடம்தான் இருக்கும். கையில் ஒரு கவர் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனாலும் போடிமெட்டு அங்கேயேதான் இருக்கும்.