கடலுக்கு அஞ்சாத வாட்ச், குளியலறைக்கு அஞ்சும்… தெரியுமா?

300 மீட்டர் ஆழம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 30 கிலோ எடையில் கடல் நீர் அழுத்தும் இடம். அங்கேயும் அசராமல் ஓடக்கூடியது ரோலெக்ஸ் சப்மரைனர். அதே வாட்சை வருடக்கணக்கில் வெந்நீரிலும் சோப்பு நுரையிலும் நனைத்தால் சீக்கிரமே மூப்பு தட்டிவிடும் என்றால் நம்ப முடிகிறதா?

இந்தக் குடும்பத்தில் இரண்டு வகை: தேதி காட்டுவது, தேதி காட்டாதது. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பராமரிப்பு என்று வந்தால்தான் வேடிக்கை தெரியும். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே குதிப்போம்!

1. மூத்தது எது தெரியுமா?

தேதி இல்லாததுதான்! 1953-ல் பிறந்த சப்மரைனர் 100 மீட்டர் ஆழம் தாங்கியது. டயலில் தேதிக்கு இடமே கிடையாது. 1962-ல் 'டாக்டர் நோ' படத்தில் ஷான் கானரி கட்டியிருந்ததும், 1970-களில் பிரிட்டிஷ் ராணுவம் தன் முக்குளிப்பு வீரர்களுக்குக் கொடுத்ததும் தேதியில்லாதவையே. சப்மரைனரில் தேதி எட்டிப் பார்த்தது 1969-ல்தான்.

ஆனால் ஒரு ஆச்சரியம்! அதைவிட ஆழம் போகும் இன்னொரு ரோலெக்ஸான ஸீ-டுவெல்லருக்கு 1967-லேயே தேதி வந்துவிட்டது. 610 மீட்டர் தாங்கிய வாட்ச் அது. ஆழ்கடல் வேலைக்காரர்கள் அழுத்த அறைக்குள் நாள் கணக்கில் அடைந்து கிடப்பார்கள். பகலா இரவா என்றே புரியாத இடத்தில் இன்று என்ன தேதி என்று யார் சொல்வது?

2. இந்த வாட்சுக்கு மாதம் என்றால் 31 நாள்தான்!

தேதிச் சக்கரத்தில் 1 முதல் 31 வரை எண்கள். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் எல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே ஆண்டுக்கு 5 முறை நாம்தான் கையால் திருத்த வேண்டும். 10 ஆண்டில் 50 முறை! கழற்றாமல் கட்டியிருப்பவருக்கே இந்தக் கணக்கு. கழற்றிப் பெட்டியில் வைப்பவருக்கு இன்னும் அதிகம். இப்போதைய சப்மரைனர் கையைவிட்டு இறங்கினால் சுமார் 70 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தாலும் திங்கள்கிழமை காலை ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் விட்டால் நின்றுவிடும். தேதியில்லாததற்கு மணி வைத்தால் போதும். தேதியுள்ளதற்கு மணியோடு தேதியும் வைக்க வேண்டும்.

3. அப்படித் திருத்தினால் என்ன கெட்டுப்போகும்?

இங்கேதான் ரகசியம்! வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் சாவி, திருகாணி போல் மரையில் இறுகி உட்காரும். 1926-ல் வந்த ரோலெக்ஸ் 'ஆய்ஸ்டர்' உறையின் பெருமையே இந்தத் திருகு சாவிதான். 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளெய்ட்ஸ் என்ற பெண் குளிர்ந்த ஆங்கிலக் கால்வாயில் பத்து மணி நேரத்துக்கும் மேல் நீந்தினார். அவர் கொண்டுபோன ஆய்ஸ்டர் அவ்வளவு நேரமும் ஓடியது. இன்றைய சப்மரைனரின் 'டிரிப்லாக்' சாவி அமைப்பு 1970-ல் அறிமுகமானது.

சாவியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மரை கொஞ்சம் தேயும், ரப்பர் வளையம் கொஞ்சம் உரசும். அவசரத்தில் கோணலாகத் திருகினால் மரையே போய்விடும். திருகி மூட மறந்து தண்ணீரில் இறங்கினால் கதை முடிந்தது! தேதி ஜன்னலுக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை உள்ளே இருக்கும் கூடுதல் பற்சக்கரங்கள் அல்ல, சாவியைத் தேடிப் போகும் நம் விரல்கள்தான்.

4. 15 நாள் தேதியை நகர்த்த 360 சுற்று!

1969-ல் வந்த முதல் தேதி சப்மரைனரில் தேதியை மட்டும் தனியே மாற்றும் வசதி கிடையாது. முள்ளைச் சுற்றித்தான் நாளைக் கடத்த வேண்டும். ஒரு நாளுக்கு நிமிட முள் 24 சுற்று. பெட்டியில் தூங்கி 15 நாள் பின்தங்கிய வாட்சை எழுப்பி, நேராகவே சுற்றிக்கொண்டு போனால் விரல் வலிக்குமா, வலிக்காதா? நல்லவேளை, அடுத்து வந்த மாடலில் தேதியை மட்டும் தாவவிடும் வசதி வந்துவிட்டது.

5. இரவு 9 முதல் 3 வரை கை வைக்காதீர்கள்!

பழைய தேதி வாட்சுகள் பலவற்றுக்கும் ரிப்பேர்காரர்கள் சொல்லும் எச்சரிக்கை இது. அந்த நேரத்தில் தேதியைத் தள்ளும் பல் ஏற்கெனவே சக்கரத்தைக் கவ்வத் தொடங்கியிருக்கும். அப்போது அவசரப்பட்டு மாற்றினால் பல் உடையலாம். முள்ளை முதலில் 6 மணிக்குக் கொண்டுபோய்விட்டுத் தேதி வைப்பதே பாதுகாப்பு. 2015-ல் வந்த ரோலெக்ஸ் 3235 இயந்திரத்தில் இந்தத் தடை இல்லை. மதியம் 12 மணிக்குத் தேதி மாறுகிறதா? பயப்படாதீர்கள். வாட்சுக்குப் பகலும் இரவும் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

6. தேதி இல்லாத டயலுக்கு அடியில் தேதி!

ஆம், உண்மைதான்! சில நிறுவனங்கள் தேதிக்கென்று செய்த இயந்திரத்தையே தேதியில்லாத வாட்சிலும் பொருத்துவதுண்டு. சாவியை இழுத்தால் ஒன்றுக்கும் உதவாத ஒரு நிலை நடுவில் வரும். சிலவற்றில் யார் கண்ணிலும் படாத தேதித் தட்டு உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும்! தேதியில்லாத சப்மரைனர் அப்படிப்பட்டதல்ல. அதற்கென்றே 3230 என்ற தனி இயந்திரம் உண்டு.

7. உண்மையான எதிரி யார்?

உப்புநீர் அல்ல, காலம்! நீரைத் தடுப்பது எஃகு மட்டுமல்ல, சாவியிலும் பின்மூடியிலும் ஒளிந்திருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்களும்தான். அவை அலமாரியில் சும்மா கிடந்தாலும் காய்ந்து இறுகும். வெந்நீரும் சோப்பும் அந்த மூப்பை விரைவுபடுத்தும். நீர் புகுந்ததா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. வாட்சை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விடுவார்கள். ஒரு நிமிடத்தில் உள்பக்கம் பனி படர்ந்தால் உள்ளே ஈரம்! (வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) பிளாங்பான் நிறுவனமோ தன் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்' வரிசையில் ஒரு வாட்சின் டயலிலேயே ஒரு சிறு வட்டம் வைத்தது. ஈரம் பட்டால் அந்த வட்டம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்!

கடலில் குளித்து வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே. சாவி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலசும்போது மேல்வளையத்தைச் சுற்றிவிடுங்கள், அடியில் சிக்கிய உப்பும் மணலும் வெளியேறும்.

8. பத்தாண்டில் 252 கோடித் துடிப்பு!

விநாடிக்கு 8 துடிப்பு. நாளுக்கு 6,91,200. இவ்வளவையும் தாங்குவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத துளி எண்ணெய். அது வற்றினால் உலோகமும் உலோகமும் உரசும். வாட்ச் நிற்காது, ஓடிக்கொண்டே தேயும்! அதனால்தான் சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை முழு சர்வீஸ் என்கிறது ரோலெக்ஸ். தேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கணக்குதான். எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, எண்ணெய் போட்டு, ரப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தத்தில் வைத்துச் சோதித்துத் தருவார்கள். நீரில் அடிக்கடி இறங்குபவர்கள் நீர்த்தடுப்பை மட்டுமாவது இடையிடையே சோதிப்பது நல்லது.

9. 'பாலிஷ் போடட்டுமா?' என்று கேட்டால்…

உடனே தலையாட்டாதீர்கள்! ஒவ்வொரு பாலிஷும் உறையின் உலோகத்தைச் சுரண்டித்தான் பளபளப்பைத் தரும். நாலைந்து முறைக்குப் பிறகு கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிடும். பழைய டயலையும் மாற்றச் சொல்லாதீர்கள். டயலின் புள்ளிகள் இருட்டில் ஒளிர 1990-கள் வரை பூசப்பட்ட டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 25 ஆண்டில் அதன் கதிர்வீச்சு கால்பங்காகக் குறையும், இருட்டில் ஒளிராது. ஆனால் பழுப்பேறிய அந்தப் புள்ளிகளுக்காகவே சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்!

10. ஜன்னலுக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி

தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 'சைக்ளோப்ஸ்' வில்லை, கண்ணாடியின் மேல் புடைத்து நிற்கும். இடித்துக்கொள்ள இன்னொரு மேடு! தேதியில்லாத சப்மரைனரில் அந்தக் கவலை இல்லை. தேதி வைத்திருந்தும் 50 ஆண்டுகள் இதைத் தவிர்த்த ஸீ-டுவெல்லர், 2017-ல்தான் வில்லைக்கு இணங்கியது.

சரி, எதை வாங்கலாம்? தினமும் கட்டுபவர் என்றால் எதுவானாலும் சரி. பெட்டியில் பல வாட்சுகளை மாற்றி மாற்றி அணிபவருக்குத் தேதியில்லாததே நிம்மதி. தேதியுள்ளதை வாங்கியிருந்தால், லீப் ஆண்டு அல்லாதபோது மார்ச் 1 காலை அது 29 என்று அடித்துச் சொல்லும். அதோடு வாதாடாமல் மூன்று நாள் முன்னால் தள்ளிவிட்டு, சாவியை இறுகத் திருகி மூடிவிட்டுக் குளிக்கப் போங்கள். வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்!