ஆற்றின் கணக்கு – 9: நிமிஷத்துக்கு எத்தனை டிகிரி?

வீரபாண்டி பிரிவில் நண்பரின் சாயப்பட்டறை. பாலியஸ்டர் துணி மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. டையிங் மாஸ்டர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சூட்டை 130 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு. அவசரப்பட்டு ஏற்றினால் ஷேடு திட்டுத் திட்டாகப் போய்விடும் என்கிறார். இறக்கும்போதும் அதே நிதானம்தான். இல்லாவிட்டால் துணியில் சுருக்கம் விழுந்துவிடும்.

துணிக்குக் காட்டும் இந்தப் பொறுமையை ஆற்றுக்கு நாம் காட்டுவதில்லை.

சென்ற வாரம் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவைப் பார்த்தோம். இந்த வாரம் நல்ல தண்ணீரின் கதை. திறந்துவிடும் விதம் தப்பினால் நல்ல தண்ணீரும் மீனைக் கொல்லும்.

காவிரிப் படுகைக்கே உரிய மீன் கூன்முதுகு மகசீர். 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய மகசீர் 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. இவ்வளவு பேர்பெற்ற மீனின் அறிவியல் பெயர் 2018-ல்தான் உறுதியானது. மோயாற்று மீன்களை ஆராய்ந்த குழு, இது 'டோர் ரெமாதேவி' என்று கண்டது. குழுவில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தவரும் இருந்தார். சின்னாறு சரணாலயத்துப் பாம்பாற்றில் கிடைத்த மீன்களுக்கு அந்தப் பெயரை முன்பே வைத்திருந்தார்கள். 2018-லேயே, அழிவின் விளிம்பில் நிற்கும் உயிராக இது சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

பாம்பாறு வேறெங்கும் போகவில்லை. நம் திருப்பூர் மாவட்டத்து அமராவதி அணையில்தான் வந்து விழுகிறது.

மகசீர் மழைக்கால வெள்ளத்தை எதிர்த்து ஏறி, கூழாங்கல் படுகையில் முட்டையிடும். புதுவெள்ளத்தின் வேகம், கலங்கல், சூடு எல்லாம் சேர்ந்துதான் அதற்கு நேரம் சொல்கின்றன. அணை வந்த பிறகு அந்த நேரத்தைச் சொல்வது ஷட்டர். கோடையில் நீர்த்தேக்கத்தின் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் குளிர்ந்தும் இருக்கும். அடியில் ஆக்சிஜனும் குறைவு. அடி மதகைத் திறந்தால் அந்த நீர்தான் வெளியே வரும். மின் நிலையத்துக்கு விடும் தண்ணீர் இன்னொரு தொல்லை. மின் தேவை கூடும் வேளையில் ஆறு பொங்கும், தேவை தணிந்ததும் வடியும். பொங்கும்போது குஞ்சுகள் அடித்துச் செல்லப்படும். வடியும்போது முட்டை இருக்கும் கற்கள் வெயிலில் காயும்.

ஓர் அணைக்குக் கீழே, ஷட்டர் இறக்கிய மறுநாள் காலை நின்றிருக்கிறேன். பாறைக் குழி ஒன்றில் குடம் அளவு தண்ணீர். அதில் விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் இருபதுக்கு மேல், வாயை மேலே தூக்கித் திறந்து திறந்து மூடின. பத்தடி தள்ளி ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கையால் அள்ளி விட்டேன். அடுத்த குழியிலும் அதே காட்சி. இதை இயற்கையின் தலையெழுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெதுவாக இறக்கியிருந்தால் அவை தண்ணீரோடு நகர்ந்திருக்கும்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றிலும் கூன் விழுந்த மீன் ஒன்று உண்டு. கிளென் கேன்யன் அணையின் குளிர்நீரால் அது நலிந்தது. 1996 மார்ச்சில், ஆற்றின் மணல் திட்டுகளையும் வாழிடங்களையும் மீட்கவென்றே விநாடிக்கு 45,000 கனஅடியை ஒரு வாரம் திறந்துவிட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் அளந்தார்கள். அணையைத் திறப்பதையே ஓர் ஆய்வாக ஆக்கினார்கள்.

அமராவதி 90 அடி, நாலு டி.எம்.சி. அணை. திறப்பு என்றால் நமக்குத் தேதி, கனஅடி, பாசன ஏக்கர் இவைதான் செய்தி. இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மணிக்கு எத்தனை கனஅடி வீதம் கூட்டுவது, குறைப்பது, வெளியேறும் நீரின் சூடு எவ்வளவு. விவசாயிக்குப் போக வேண்டிய தண்ணீர் இதனால் குறையாது. வீரபாண்டியில் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் இந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

(தொடரும்)